தொட்டால் பரவுமா? எச்.ஐ.வி. குறித்த அச்சத்தின் வரலாறு

கைகுலுக்குதல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், பேருந்தில் அருகில் அமர்தல், இருமல், தும்மல், கொசுக்கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. கிருமி பரவுவதில்லை. இது 1980களின் நடுப்பகுதியிலேயே ஆய்வுகளால் உறுதியான செய்தி. ஆயினும் அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னிந்தியாவில் இந்த அச்சத்தின் பெயரால் குழந்தைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள், நோயாளிகள் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள், ஒரு கிராமத்தின் குடிநீர் ஏரியே இறைத்துக் காலி செய்யப்பட்டிருக்கிறது. நோயின் வரலாறு பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அச்சத்தின் வரலாற்றைப் பேசுகிறது. தமிழ்நாட்டையும், மார்த்தாண்டத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள கேரளப் பகுதிகளையும் முதன்மையாகக் கொண்டது.

ஒட்டுவாரொட்டி

தொற்றுநோய்க்குத் தமிழில் ‘ஒட்டுவாரொட்டி’ என்று ஒரு பழைய சொல் உண்டு. நோயுற்றவரை ஒட்டுகிறவரையும் ஒட்டிக்கொள்வது என்பது அதன் பொருள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நோயைத் ‘தீனம்’ என்றும், அது பரவுவதைப் ‘பகரும்’ என்றும் சொல்கிற வழக்கு இன்றும் இருக்கிறது. ஒரு வீட்டில் இருப்பது பகருகிற தீனம் என்று ஊர் முடிவு செய்துவிட்டால், அந்த வீட்டுக் கிணற்றுப் பக்கம்கூட யாரும் போகமாட்டார்கள்.

இதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பெரியம்மை உண்மையிலேயே ஒட்டுவாரொட்டிதான். திருவிதாங்கூர் அரசு 1813ஆம் ஆண்டிலேயே அம்மை குத்தும் பணியைத் தொடங்கியது. அப்படியும் அந்நோய் இந்தியாவை விட்டு நீங்க 1975 வரை ஆயிற்று. அதுவரை பல தலைமுறைகளைக் காப்பாற்றிய ஒரே வழி விலகி இருப்பதுதான். வாசலில் வேப்பிலை கண்டால் உள்ளே போகாதே என்பது அனுபவம் கற்றுத்தந்த பாடம். காலராவுக்கும் காசநோய்க்கும் இதே பாடம் ஓரளவு பொருந்தியது.

தொழுநோயில்தான் கணக்கு தவறியது. நோய்க்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அது எளிதில் பரவாத கிருமி. பெரும்பாலான மனிதர்களுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆனால் அரசு 1898இல் தொழுநோயாளர் சட்டம் கொண்டுவந்து, வீதியில் திரியும் நோயாளிகளை அடைத்து வைக்க அதிகாரம் கொடுத்தது. திருவிதாங்கூரில் நோயாளிகளை ஒதுக்கி வைக்க நூரநாட்டில் 1934இல் பெரிய குடியிருப்பு உருவானது. 1980களில் கூட்டு மருந்து வந்து நோய் முழுவதும் குணமாகத் தொடங்கிய பிறகும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்தது. 2016இல்தான் நீக்கப்பட்டது. மருந்து வந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து! சட்டப் புத்தகமே இவ்வளவு தாமதிக்கும்போது, ஊர்ப் பேச்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எய்ட்ஸ் என்ற சொல் நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் பழைய கணக்கே புது நோய்க்கும் போடப்பட்டது.

1986, சென்னை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நுரையீரல் நோயைப் பற்றி 1981 ஜூன் 5ஆம் நாள் வெளியான சிறு அறிக்கையிலிருந்து எய்ட்ஸின் எழுதப்பட்ட வரலாறு தொடங்குகிறது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசி, லூக் மொந்தாக்னியே ஆகியோரின் குழு கிருமியைப் பிரித்தெடுத்தது. இதற்காக இருவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், இந்தியாவுக்கு வராது என்ற பேச்சு அப்போது நம் பத்திரிகைகளில் பரவலாக இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். மாணவியின் ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது, எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார் பேராசிரியர். நிர்மலா முதலில் தயங்கினார். கணவர்தான் ஊக்கம் கொடுத்து, ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு போனார். காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம் ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. பிரித்தெடுத்த சீரத்தைப் பாதுகாக்க வேறு வசதி இல்லாததால், நிர்மலா அதைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். பிறகு கணவரும் மனைவியும் அதை ரயிலில் காட்பாடிக்கு எடுத்துச்சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ரத்த மாதிரி என்பதைக் கேட்டு இன்றைய ஆய்வக விதிகளை அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கோ, நாடே நடுங்கப்போகும் ஒரு கிருமி ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை ஓரத்தில் மூடிய குப்பிக்குள் யாருக்கும் கேடு செய்யாமல் இருந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது.

ஆனால் அந்தப் பெண்களின் கதை அப்படி முடியவில்லை. கிருமி இருப்பதாகக் கண்டறியப்பட்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகு, 1990இல்தான் விடுதலை கிடைத்தது. கோவாவிலும் இதே காலத்தில் இதே போன்ற ஒன்று நடந்தது. ரத்த தானம் செய்யப்போன டொமினிக் டிசோசா என்ற இளைஞருக்குக் கிருமி இருப்பது தெரிந்து, 1989 பிப்ரவரியில் அவரைக் காவலர்கள் அழைத்துச்சென்று ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் அடைத்தார்கள். 64 நாள்கள் தனிமை. ரத்தம் கொடுத்து உதவப்போனவருக்குக் கிடைத்த பரிசு அது. அவருடைய தாய் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தனிமைப்படுத்தும் விதியைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. டொமினிக் 1992இல் இறந்தார்.

கிருமி காற்றில் பரவாது என்பது அப்போது மருத்துவ உலகுக்குத் தெரிந்திருந்தது. பூட்டுப் போட்டவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வு எப்போது உறுதியாயிற்று

அறிவியலும் முதல் நாளே எல்லாவற்றையும் அறிந்திருக்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1983 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், எய்ட்ஸ் போன்ற நோய் கண்ட குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதனுடன் வந்த தலையங்கத்தில், வீட்டுக்குள் நெருங்கிப் பழகுவதாலும் பரவக்கூடும் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. எழுதியவர் ஆண்டனி ஃபாசி. கொரோனா காலத்தில் நாம் தொலைக்காட்சியில் பார்த்த அதே மருத்துவர்தான். அக்குழந்தைகளுக்குக் கிருமி தாயிடமிருந்து வந்தது என்பது பின்னர் தெளிவானது. 1983 செப்டம்பரிலேயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சாதாரணத் தொடர்பால் பரவுவதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் முதலில் வந்த ஐயம் ஓடிய வேகத்தில் பின்னால் வந்த திருத்தம் ஓடவில்லை.

முடிவான சான்று 1986 பிப்ரவரியில் வந்தது. நியூயார்க் நகரில் ஃப்ரீட்லேண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 39 நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள், இடநெருக்கடியான வீடுகள். நோயாளியின் பாலியல் துணையைத் தவிர்த்து, அவருடன் குறைந்தது மூன்று மாதமாவது ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைச் சோதித்தனர். அவர்கள் ஒரே குவளையில் குடித்தவர்கள், ஒரே துண்டில் துடைத்தவர்கள், ஒரே கட்டிலில் படுத்தவர்கள், கட்டியணைத்தவர்கள், முத்தமிட்டவர்கள். சிலர் பல்துலக்கியையும் சவரக் கத்தியையும்கூடப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 101 பேரில் கிருமி இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. அதுவும் பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்றதற்கான எல்லா அறிகுறியும் இருந்தது.

சென்னையில் முதல் கிருமி கண்டறியப்பட்ட அதே ஆண்டு இது. அதாவது இந்தியாவில் நோய் கண்டறியப்பட்டபோதே, தொடுவதால் பரவாது என்ற விடையும் தயாராக இருந்தது. அடுத்து நடந்தவற்றை அறியாமையின் விளைவு என்று சொல்லும்போது இந்த ஆண்டுக் கணக்கை மறக்கக்கூடாது.

காரணமும் கடினமானதல்ல. கிருமி வாழ்வது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில். அது பெருகுவதற்கு மனித உடலின் குறிப்பிட்ட வெள்ளணுக்கள் தேவை. வெட்டுப்படாத தோலை அதனால் கடக்க முடியாது. வெளிக்காற்றில் உலர்ந்தால் விரைவில் செயலிழந்துவிடும். வியர்வையாலும் கண்ணீராலும் உமிழ்நீராலும் யாருக்கும் தொற்றியதில்லை. கிருமி உள்ள ரத்தம் தோய்ந்த ஊசி ஒரு செவிலியரின் விரலில் நேரடியாகக் குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கக்கூடிய தடுப்பு மருந்து இருக்கிறது. ஊசிக்கே இந்தக் கணக்கு என்றால் டீ டம்ளருக்கு என்ன கணக்கு போட முடியும்?

வகுப்பறையில் வந்த சீட்டுகள்

1990களின் பிற்பகுதியில், உயர் வகுப்பு மாணவர்களுக்கு எய்ட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. கேட்க வெட்கப்படுவார்கள் என்பதால், பெயர் எழுதாமல் சீட்டில் எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போடச் சொன்னேன். பாலுறவு பற்றிய கேள்விகள்தான் நிறைய வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பெரும்பகுதி தொடுதலைப் பற்றியவை. கொசு கடித்தால் வருமா? சலூனில் சவரம் செய்தால் வருமா? கடையில் புரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர் கையில் வெட்டு இருந்தால்? குளத்தில் குளித்தால்? கோயிலில் நெரிசலில் நின்றால்? சபையில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து வாங்கினால்?

கடைசிக் கேள்வியை எழுதிய பிள்ளை தனியாள் அல்ல. 1980களில் மேலைநாட்டுச் சபைகளிலும் இதே கேள்வி பெரிய விவாதமாக எழுந்தது.

கொசுக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பெல் கிளேட் என்ற சிற்றூரில் 1985 வாக்கில் எய்ட்ஸ் நோயாளிகள் அளவுக்கு மீறிக் காணப்பட்டனர். சதுப்பு நிலம், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு, எங்கும் கொசு. கொசுதான் காரணம் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல, செய்தி உலகெங்கும் பரவியது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவ்வூரில் விரிவாக ஆராய்ந்தபோது, தொற்று பாலுறவு வழியாகவும் போதை ஊசி வழியாகவும் போயிருப்பது தெரிந்தது. கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் நோய் இல்லை. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினால் போதும், மாணவர்கள் விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து அதன் உமிழ்நீருக்கு வந்து சேர்கிறது. எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் உணவோடு உணவாகச் செரித்துப்போகிறது. கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் செலுத்துகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல.

சலூன் கேள்விக்கு மட்டும் ‘பயப்படாதே’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கவில்லை. எச்.ஐ.வி.க்காக இல்லாவிட்டாலும், ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்காக ஆளுக்கொரு பிளேடு அவசியம். இந்த ஒன்றில் அச்சம் நன்மை செய்தது. தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போடும் கத்தி போய், வாடிக்கையாளர் கண்முன்னே உடைத்துச் செருகும் பாதி பிளேடு எங்கள் பக்கத்துக் கடைகளில் வழக்கமானது இந்த அச்சத்திற்குப் பிறகுதான்.

பெட்டியில் கிடந்த ஒரு சீட்டு மட்டும் கேள்வியாக இல்லை. தன் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது, அவருக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள், தான் தெரியாமல் அதில் சாப்பிட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தது. எழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்திருக்கலாம். நான் முயலவில்லை. மறுநாள் தட்டைப் பற்றியே முழுப் பாடவேளையும் பேசினேன். தனித் தட்டு தேவையே இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன்.

பிறகு கைப்பேசி வந்தது, சீட்டுகள் வேறு வடிவம் எடுத்தன. திரையரங்க இருக்கையில் ஊசி, பழச்சாற்றில் கலந்த ரத்தம், அன்னாசி விற்றவரின் விரல் வெட்டால் நோய் வந்த சிறுவன் என்ற வதந்திகள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக அன்னாசி விளையும் எங்கள் பகுதியில், இந்தக் கடைசிக் கதையை நம்பி அன்னாசி வாங்க மறுத்தவரை நானே பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் போகும் உணவின் வழியாக இப்படித் தொற்று ஏற்பட்டதில்லை.

கொல்லத்துப் பள்ளிக்கூடம்

மார்த்தாண்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சி மாநிலத்தில் இருந்தது. கொல்லம் எங்களுக்கு அயலூர் அல்ல. அங்கே 2003இல் நடந்ததை அன்று மலையாளச் செய்தித்தாள்கள் வழியாக நாள்தோறும் படித்தோம்.

பெற்றோர் இருவரையும் எய்ட்ஸில் இழந்து தாத்தா, பாட்டியிடம் வளர்ந்த அக்காவும் தம்பியும். இருவருக்கும் கிருமி இருந்தது. பள்ளியில் சேர்த்தபோது மற்றப் பெற்றோர் எதிர்த்தனர். தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றனர், அனுப்பவும் இல்லை. வகுப்பறைகள் காலியாயின. அக்குழந்தைகளுக்கு மட்டும் தனியாகப் பாடம் சொல்லித்தர ஏற்பாடு என்ற சமரசங்கள் பேசப்பட்டன. தாத்தா பிள்ளைகளோடு தலைநகருக்குச் சென்று போராடிய பிறகே அரசு தலையிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கேரளம் வந்து, செய்தியாளர்கள் முன்னிலையில் இரு குழந்தைகளையும் கட்டியணைத்தார்.

அந்தப் புகைப்படம் நாடெங்கும் வெளியானது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கிய படத்துக்கு அடுத்தபடியாக, இவ்விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதும் படம் அதுதான். அமெரிக்காவில் ரயன் ஒயிட் என்ற சிறுவன், ரத்தம் உறையாமை நோய்க்கான மருந்தின் வழியாகக் கிருமி பெற்று, 1985இல் இண்டியானா மாநிலத்துப் பள்ளியில் அனுமதி மறுக்கப்பட்டு நீதிமன்றம் வரை போனதும் இதே கதைதான். அவன் 1990இல் பதினெட்டு வயதில் இறந்தான். கிருமி உள்ள பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கு வரலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1985 ஆகஸ்டிலேயே வழிகாட்டியிருந்தது.

புகைப்படம் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. 2006 இறுதியில் கோட்டயம் மாவட்டம் பாம்பாடியில் ஐந்து குழந்தைகள் இதே காரணத்துக்காக வகுப்பிலிருந்து விலக்கப்பட்டனர். நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாநிலத்தில்! ஆசிரியராக இருந்தவனுக்கு இது கசப்பான பாடம். அப்பெற்றோர்களில் பலர் தொடுவதால் பரவாது என்று துண்டறிக்கையில் படித்தவர்கள்தான். ‘படித்தேன், ஆனால் விளையாடும்போது கீழே விழுந்து ரத்தம் வந்தால்?’ என்று ஒரு ‘ஆனால்’ மிச்சம் இருந்தது. ஒருவர் காயத்து ரத்தம் மற்றவர் திறந்த காயத்துக்குள் போக வேண்டும் என்பதையும், எந்தக் குழந்தையின் காயத்தையும் கையுறை போட்டே துடைப்பது பள்ளியின் வழக்கமாக இருந்தால் போதும் என்பதையும் யாராவது அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். துண்டறிக்கை அதைச் செய்யாது.

இந்த ‘ஆனால்’ எவ்வளவு பெரியது என்பதை அறியத்தான் 2005-06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில் சில கேள்விகள் வைக்கப்பட்டன. எச்.ஐ.வி. உள்ள கடைக்காரரிடம் காய்கறி வாங்குவீர்களா? எச்.ஐ.வி. உள்ள ஆசிரியை தொடர்ந்து பாடம் நடத்தலாமா? நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிப்பீர்களா? எப்படிப் பரவும் என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிட்டு, காய்கறிக் கேள்வியில் தடுமாறுகிறவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

தாம்பரமும் ஆசாரிபள்ளமும்

சென்னைத் தாம்பரத்தில் 1928இல் டேவிட் சவுரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக ஒரு நல்வாழ்வகம் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அதிலிருந்து வந்தது. பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையான அது 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி, சில ஆண்டுகளில் நாட்டிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. வேறு மருத்துவமனைகளில் கட்டில் மறுக்கப்பட்டவர்கள் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும்கூட அங்கே வந்தார்கள்.

இதில் ஒரு தற்செயல் பொருத்தம் உண்டு. கோவாவில் டொமினிக்கை அடைத்ததும் காசநோய் மருத்துவமனைதான். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகமும் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஒரு நோயின் கட்டடம் அடுத்து ஒதுக்கப்பட்ட நோய்க்குக் காத்திருந்ததுபோல் இருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் நடந்தது ஒதுக்கல் அல்ல. காசநோயாளியின் இருமலுக்குப் பழகிய செவிலியர்களுக்கு இந்த நோயாளியைத் தொட அச்சம் குறைவாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். காற்றில் பரவுவது உண்மையில் காசநோய்தான்.

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவானது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா தனக்குக் கிருமி இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். திருமணத்தின் வழியாகக் கிருமி பெற்ற அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து 1998இல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான கூட்டமைப்பைச் சென்னையில் உருவாக்கினர். மேடையில் ஒருவர் தன் பெயரைச் சொல்லிப் பேசிவிட்டு, இறங்கி வந்து மற்றவர்களோடு அமர்ந்து சாப்பிடுவது, நூறு சுவரொட்டிகள் செய்யாததைச் செய்தது. புள்ளிராஜா விளம்பரம் நினைவிருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லைத் தேநீர்க் கடையில் சத்தமாகச் சொல்லவைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது நோய் வரக்கூடியவனைப் பற்றிய விளம்பரம், நோயோடு பக்கத்து வீட்டில் வாழ்கிறவரைப் பற்றியது அல்ல.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. முதலில் இடம்பெற்ற எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதுவரை எலும்பும் தோலுமாய் வீட்டுப் பின்னறையில் கிடந்து இறப்பவர்களைப் பார்த்துத்தான் ஊர் இந்நோயை அறிந்திருந்தது. மருந்து வந்தபின் அதே ஆள் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினார். அச்சம் குறைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்பேன். பின்னர் ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, முன்கூட்டியே மருந்து தொடங்கினால் வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் காட்டியது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் ஒன்று. ஒழுங்காக மருந்து உண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்குத் தெரியாத நிலைக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து பாலுறவிலும் தொற்றுவதில்லை என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. சுனிதி சாலமன் 2015இல் காலமானார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. சோதனையும் கட்டாயம். கிருமி இருந்தால் விசா இல்லை, அங்கே போனபின் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். ‘மெடிக்கலில் போயிற்று’ என்ற ஒரு வார்த்தை போதும். அது சர்க்கரையா, காசநோய்த் தழும்பா, காமாலைக் கிருமியா என்று யாரும் கேட்பதில்லை. இதனால் சோதனைக்கே போகாமல் இருந்துவிட்டவர்கள் உண்டு. தொடுதலுக்கு அஞ்சும் ஊரில், உண்மையில் தொற்று பரவும் வழி இதுதான். தெரிந்துகொள்ள அஞ்சுகிறவர் மருந்து உண்பதில்லை.

மொரப் ஏரி

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய நிலையை வெளியிடக்கூடாது என்கிறது. முறையீடுகளைக் கேட்க மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. யாருக்கும் மறுக்கக்கூடாத பொது வசதிகளின் பட்டியலில் கடைகள், உணவகங்கள் இவற்றோடு கிணறுகள், குளங்கள், படித்துறைகள், இடுகாடுகள், இறுதிச் சடங்குகள் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. சாதித் தீண்டாமைக்கு எதிரான சட்டங்களில் நாம் பார்த்துப் பழகிய சொற்கள் இவை. எழுதியவர்களுக்கு நம் ஊர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இறுதிச் சடங்கு என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு 1990களில் பார்த்த ஒரு சாவு வீடு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உறவினர் அனைவரும் நெற்றியில் முத்தமிட்டே பெட்டியை மூடுவார்கள். அன்று உடல் பிளாஸ்டிக் தாளில் சுற்றியபடியே வந்தது, சுற்றியபடியே போனது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் சேர நேரமாயிற்று. தாயைத் தொடவிடாமல் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2018 நவம்பர் இறுதியில் கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்து மொரப் கிராமத்து ஏரியில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது என்று பேச்சு பரவியது. முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ள அந்த ஏரிதான் ஊருக்குக் குடிநீர். தண்ணீரால் பரவாது, வேண்டுமானால் நீரைச் சோதித்துத் தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். ஊரார் ஏற்கவில்லை. மோட்டார்களும் குழாய்களும் வைத்து ஏரி நீர் முழுவதும் இறைக்கப்பட்டது. அது முடியும்வரை மக்கள் சில கிலோமீட்டர் நடந்து வேறிடத்திலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். பிறகு மலப்பிரபா கால்வாயிலிருந்து நீர் விட்டு ஏரியை நிரப்பும் ஏற்பாடு நடந்தது.

எந்த நோயில் இறந்தவராக இருந்தாலும் ஒரு உடல் மிதந்த நீரைக் குடிக்க மனம் ஒப்பாது, அது இயல்பு. ஆனால் மொரப்பில் சொல்லப்பட்ட காரணம் அது அல்ல. அந்த ஏரியில் அதற்கு முன்பும் ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள் என்றும், அப்போது யாரும் நீரை இறைக்கவில்லை என்றும் செய்திகள் குறிப்பிட்டன.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். சோதனை இலவசம், முடிவு ரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலும் கேள்வி கேட்கலாம். தனித் தட்டைப் பற்றிய கேள்வியையும் கேட்கலாம்.